நுரையும் நுண்பொருளும்



மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் நான் புதிதாகச் சேர்ந்திருந்த காலம். குடிநீர்ப் பரிசோதனை அறிக்கை ஒன்றைத் தமிழாக்கும் வேலை என்னிடம் வந்தது. நீண்ட அட்டவணை. உலோகங்களின் பெயர்கள் ஒரு புறம். அவற்றின் அளவுகள் மறுபுறம். ஈயத்துக்கு எதிரே எண் எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் மட்டும் இருந்தன. நான் கலை பயின்றவன், இரசாயனம் அறியாதவன். அந்த இரு சொற்களையும் 'இல்லை' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டேன். சுருக்கமும் தெளிவும் ஒருங்கே வாய்த்தன என்ற மகிழ்ச்சி வேறு எனக்கு.

எனக்கு மூத்தவராக இருந்த அதிகாரி அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் அடித்தார். மேலே 'கண்டறியப்படவில்லை' என்று எழுதினார். "தம்பி, இருட்டறையில் ஊசியைத் தேடினவன் 'கிடைக்கவில்லை' என்றுதான் சொல்லலாம், 'இல்லை' என்று சொல்ல அவனுக்கு உரிமை ஏது?" என்றார்.

'இல்லை' என்பதற்கும் 'கண்டறியப்படவில்லை' என்பதற்கும் இடையே எவ்வளவு தொலைவு? அந்தத் தொலைவைக் குறைக்க விஞ்ஞானிகள் என்னென்ன செய்தார்கள்? அன்று எழுந்த இக்கேள்விகள் பின்னர் என்னைச் சோப்பு நுரையின் சரித்திரத்துக்குள் இழுத்துச் சென்றன. நீருக்குள் மறைந்து கிடக்கும் அணுவளவு நஞ்சைத் திரட்டிக் காட்டும் வேலையில் நுரைக்கும் பொருள்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தச் சரித்திரத்தின் சில ஏடுகள், நாம் வாழும் இந்த மும்பையிலும் அருகிலுள்ள புனேயிலும் எழுதப்பட்டவை.

முதலில், திரட்டுதல் என்றால் என்ன என்று பார்ப்போம்.

மும்பையின் ஜவேரி பஜாரில் நகைப் பட்டறைகள் நிறைந்த சந்துகள் உண்டு. பட்டறைத் தூசியையும் வாசல் மண்ணையும் கூட்டி அள்ளிச் சென்று, நீரில் அலசி அரித்து, அதில் சிந்திய பொன்துகளை எடுத்துப் பிழைப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். கூடை மண்ணை அப்படியே தராசில் வைத்தால் அதில் பொன் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. மண்ணை நீக்கிப் பொன்னை ஒன்றுசேர்த்த பின்னரே தராசுக்கு வேலை வரும்.

இரசாயனப் பகுப்பாய்வும் இத்தகையதே. ஒரு லிட்டர் நீரில் ஒரு மைக்ரோகிராம் ஈயம் இருக்கிறது என்றால், 100 கோடிப் பங்கில் ஒரு பங்கு என்று பொருள். எந்தக் கருவிக்கும் ஒரு பார்வை எல்லை உண்டு. அந்த எல்லைக்குக் கீழே உள்ள பொருள் இருந்தும் இல்லாததாகவே தோன்றும். ஆகவே, நிறைய நீரில் பரவிக் கிடப்பதைச் சில துளிகளுக்குள் கொண்டுவந்து சேர்த்த பிறகே கருவியிடம் கொடுக்கிறார்கள். இதையே முன்செறிவாக்கம் என்பர்.

இந்த வேலைக்குச் சோப்பு எப்படித் துணையாயிற்று?

சீயக்காயும் பூந்திக்கொட்டையும் நம் வீடுகளுக்குப் புதியவை அல்ல. எண்ணெய் முழுக்குக்குச் சீயக்காய். பட்டுத் துணிக்கும் பொன் நகைக்கும் பூந்திக்கொட்டை. ஊர்ப்புறத்துச் சலவைத் தொழிலாளர் உவர்மண்ணில் துணியைத் தோய்த்து வெள்ளாவி வைப்பார்கள். மாட்டுங்காக் கடைகளில் இன்றும் சீயக்காய்ப் பொடி வாங்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. தாராவியின் சிறு பட்டறைகளிலோ, பயன்படுத்தி எஞ்சிய சோப்புத் துண்டுகள் உருக்கப்பட்டு மறுபடியும் கட்டிகளாகின்றன.

சீயக்காயும் பூந்திக்கொட்டையும் சோப்பும் அழுக்கை நீக்குவது ஒரே தத்துவத்தால்தான். சோப்பின் மூலக்கூறுக்குத் தலையும் வாலும் உண்டு. தலை நீரை நாடும். வால் நீரை வெறுத்து எண்ணெயை நாடும். இரு வேறு இயல்புகள் ஒரே உடலில் அமைந்திருப்பதால், நீரும் பிற பொருளும் சந்திக்கும் பரப்பில் போய் நிற்பதே அதற்கு இயல்பாயிற்று. இத்தகைய பொருள்களைப் பரப்பியங்கு பொருள்கள் என்று அழைக்கலாம்.

நீர்ப்பரப்பின் இயல்பை அளக்கும் வழியைக் காட்டியவர்களுள் முதன்மையானவர் ஒரு பெண்மணி. ஆக்னெஸ் பொக்கல்ஸ் 1862-ஆம் ஆண்டு பிறந்தவர். ஜெர்மனியின் பிரான்ஸ்விக் நகரில் வாழ்ந்தவர். அந்நாளில் அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறந்திருக்கவில்லை. நோயுற்ற பெற்றோரைப் பேணி, சமையற்கட்டில் பாத்திரம் துலக்கி வாழ்ந்த அவர், பாத்திரம் கழுவிய நீரின் மேற்பரப்பில் எண்ணெயும் சோப்பும் செய்யும் மாறுதல்களைக் கவனித்தார். தகரத் தொட்டி, மெல்லிய தகட்டுத் துண்டு, சிறு தராசு ஆகியவற்றைக் கொண்டு தாமே ஒரு கருவி அமைத்து, அம்மாறுதல்களை அளந்தார். தம் முடிவுகளை 1891-இல் இங்கிலாந்தின் ரேலி பிரபுவுக்குக் கடிதமாக எழுதினார். ரேலி பிரபு அந்தக் கடிதத்தை 'நேச்சர்' என்ற விஞ்ஞான இதழுக்கு அனுப்பி, அதே ஆண்டு வெளிவரச் செய்தார். பின்னர் இத்துறையில் உழைத்த இர்விங் லாங்மியூருக்கு 1932-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் கையாண்ட தொட்டிக்கு முன்னோடி, அந்தச் சமையற்கட்டுத் தொட்டியே.

பரப்பில் நிகழ்வது ஒருவாறு விளங்கியது. நீரின் உள்ளே சோப்பு என்ன செய்கிறது என்பது அடுத்த கேள்வி. அதற்கு விடை கூறியவர் ஜேம்ஸ் வில்லியம் மெக்பெயின். கனடாவில் 1882-இல் பிறந்து, இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். சோப்பு நீர் மின்சாரத்தை நன்றாகவே கடத்துகிறது. ஆனால் அதன் வேறு சில இயல்புகளைக் கணக்கிட்டால், கரைந்துள்ள துகள்களின் எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிட மிகவும் குறைவாக வருகிறது. இந்த முரண்பாட்டை ஆராய்ந்த மெக்பெயின், சோப்பின் மூலக்கூறுகள் நீரில் தனித்தனியே திரிவதில்லை, கூட்டம் கூட்டமாகச் சேர்ந்துகொள்கின்றன என்று 1913-ஆம் ஆண்டு வாக்கில் எடுத்துரைத்தார். வால்கள் உள்ளே ஒடுங்க, தலைகள் வெளியே நீரை நோக்க, உருண்டை போல் அமையும் இக்கூட்டத்துக்கு மைசெல் என்று பெயர். இலண்டனில் அறிஞர் அவையில் அவர் இதைக் கூறியபோது, தலைமை வகித்தவரே அதைப் பிதற்றல் என்று தள்ளினார் என்று ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. ஆயினும் காலம் மெக்பெயினின் பக்கமே நின்றது. 1919-இல் பிரிஸ்டலில் அவருக்கு அளிக்கப்பட்ட பேராசிரியர் பதவி, லீவர் என்ற சோப்பு வணிகரின் பெயரால் அமைந்தது. அதே லீவர் குழுமம் 1934-இல் நம் பம்பாயின் செவ்ரியில் சோப்புத் தொழிற்சாலை தொடங்கியது.

மெக்பெயினுக்கும் நமக்கும் உள்ள உறவு இதனோடு முடியவில்லை. 1950-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் புனேயில் தேசிய இரசாயன ஆராய்ச்சிக்கூடத்தைப் பிரதமர் நேரு திறந்துவைத்தார். அதன் முதல் இயக்குநராக அமர்ந்தவர் மைசெல் கண்ட மெக்பெயினே! முதுமையில் இந்நாட்டுக்கு வந்து, புதிதாக விடுதலை பெற்ற தேசத்தின் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றுக்கு அவர் கால்கோள் செய்தார். 1952-இல் பதவியினின்று விலகி, மறு ஆண்டு காலமானார்.

பின்னர் 1957-இல் அதே பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் நம்மவர். கிருஷ்ணசாமி வெங்கடராமன் சென்னையில் 1901-இல் பிறந்தார். மாநிலக் கல்லூரியில் பயின்றார். மான்செஸ்டரில் சாயங்களின் இரசாயனத்தை ஆராய்ந்தார். 1933-இல் தொடங்கப்பட்ட பம்பாய்ப் பல்கலைக்கழக இரசாயனத் தொழில்நுட்பத் துறையில் சேர்ந்து, 1938-இல் அதன் முதல் இந்தியத் தலைவரானார். 1943-இல் அத்துறை மாட்டுங்காவில் தனக்கென அமைந்த வளாகத்துக்குக் குடிபெயர்ந்தது. இன்று இரசாயனத் தொழில்நுட்ப நிறுவனம் என்னும் பெயரில் அங்கேயே விளங்குகிறது. பிழைப்புத் தேடி வந்த தமிழர் மாட்டுங்காவில் வேரூன்றிய அதே காலத்தில், ஒரு தமிழர் அங்கே சாய இரசாயனத்துக்கு உலகப் புகழ் தேடித் தந்தார் என்பது நாம் நினைவில் கொள்ளத்தக்கது. செயற்கைச் சாயங்களைப் பற்றி அவர் எழுதத் தொடங்கிய பெருநூலின் முதற்பகுதி 1952-இல் வெளிவந்தது. அவர் 1981-இல் மறைந்தார்.

சாயத்துக்கும் நம் கதைக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. நீரில் கரைந்துள்ள உலோகம் எண்ணெய்த் தன்மையை நாடுவதில்லை. ஆகவே அது தானாக மைசெலுக்குள் புகாது. அதைப் பற்றிக்கொண்டு உள்ளே அழைத்துச் செல்ல ஒரு துணைப்பொருள் வேண்டும். அத்தகைய துணைப்பொருள்களுள் சில, ஆசோ என்னும் சாய இனத்தைச் சேர்ந்தவை. அவை உலோகத்தைக் கவ்வியவுடன் நிறம் மாறும். நீரை விட்டு எண்ணெயை நாடும். இந்த முறையை வெங்கடராமனோ மெக்பெயினோ கண்டுபிடிக்கவில்லை. ஆயினும் ஒருவர் ஆராய்ந்த மைசெலும், மற்றவர் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த சாய இனமும் அதில் கைகோத்து நிற்கின்றன.

இரண்டையும் இணைத்தவர்கள் ஜப்பானியர்கள். எத்திலீன் ஆக்சைடு என்ற பொருளிலிருந்து செய்யப்படும் ஒருவகைப் பரப்பியங்கு பொருள்கள் 1930-களில் ஜெர்மனியில் தோன்றின. இவற்றுக்கு ஒரு விந்தை இயல்பு உண்டு. பெரும்பாலான பொருள்கள் சூடேற்றினால் நன்றாகக் கரையும்; இவையோ சூடேற்றினால் நீரை விட்டுப் பிரியும். அவற்றின் தலைப்பகுதி நீரோடு கொண்ட பிணைப்பு வெப்பத்தால் தளர்ந்துவிடுவதே காரணம். குறிப்பிட்ட வெப்பநிலையை எட்டியதும், தெளிந்த கரைசல் முகில் படர்ந்தாற்போல் வெண்மையாகக் கலங்கும். அந்த வெப்பநிலைக்கு முகில்நிலை என்று பெயரிடலாம்.

வாட்டனபேயும் அவருடைய சக ஆராய்ச்சியாளர்களும் 1970-களின் பிற்பகுதியில் இந்தக் கலங்கலைப் பகுப்பாய்வுக்குப் பயன்படுத்தினர். நீரிலுள்ள துத்தநாகத்தை ஓர் ஆசோச் சாயத்தால் பற்றி, இத்தகைய பொருளுக்குள் சேர்த்துப் பிரித்தெடுத்த முறையை விவரிக்கும் ஆய்வுரை 1978-இல் வெளிவந்தது.

செய்முறை எளியது. 50 மில்லி லிட்டர் நீரை எடுத்துக்கொள்கிறார்கள். அதில் துணைப்பொருளைச் சிறிதும், டிரைட்டான் எக்ஸ்-114 போன்ற பரப்பியங்கு பொருளைச் சிறிதும் சேர்க்கிறார்கள். உலோகத்தைக் கவ்விய துணைப்பொருள் மைசெலுக்குள் புகுந்துகொள்கிறது. பிறகு கலவையை வெந்நீர்த் தொட்டியில் வைத்துச் சூடேற்றுகிறார்கள். கலங்கல் தோன்றியதும் வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் இட்டுச் சுழற்றுகிறார்கள். கனமான கூழ் போன்ற சிறுபகுதி அடியில் தங்குகிறது. பனிக்கட்டியில் குளிரவைத்தால் அது இறுகிவிடும். மேலே உள்ள நீரை அப்படியே சாய்த்துக் கொட்டிவிடலாம். எஞ்சியதைச் சில துளி அமிலம் கலந்த மெதனாலில் கரைத்தால், 50 மில்லி லிட்டரில் பரவிக் கிடந்த உலோகத்தின் பெரும்பகுதி அரை மில்லி லிட்டருக்குள் வந்து சேர்ந்திருக்கும். ஏறக்குறைய நூறு மடங்கு செறிவு! மோரில் தெரியாத வெண்ணெய், மத்தின் கீழ்த் திரண்டு வருவது போன்ற காட்சி.

டிரைட்டான் எக்ஸ்-114-இன் முகில்நிலை 20-க்கும் 25-க்கும் இடைப்பட்ட சென்டிகிரேட் பாகை. நம் மும்பையின் மே மாதப் பிற்பகலில் அதன் கரைசல் மேசை மேலேயே, சூடேற்றாமலே கலங்கிப்போகும்.

இந்த முறையின் சிறப்பு சிக்கனம். குளோரோபார்ம் போன்ற தீங்கு தரும் கரைப்பான்களை மிகுதியாகப் பயன்படுத்தும் பழைய முறைகளுக்கு இது மாற்றாயிற்று. விலை மிக்க புதிய கருவிகள் 100 கோடியில் ஒரு பங்கையும் நேரடியாகவே காணவல்லவை. ஆனால் அவற்றை வாங்க எல்லா ஊர்களுக்கும் வசதி இல்லை. ஆஸ்திரேலியாவின் ஆலன் வால்ஷ் 1955-இல் வகுத்துக் கொடுத்த அணு உறிஞ்சல் முறையில் இயங்கும் சாதாரணக் கருவி பல கல்லூரிகளில் உண்டு. திரட்டிக் கொடுத்தால் அதுவும் நுண்மையைக் கண்டுவிடும். எளிய கண்ணுக்கு மூக்குக்கண்ணாடி அணிவித்தது போல என்று கொள்ளலாம்.

செம்பூரில் வாழும் நேயர்களுக்கு டிராம்பே அண்டைவீடு. அங்கே 1954-இல் அணுசக்தி நிலையம் நிறுவப்பட்டது. 1967-இல் அது டாக்டர் ஹோமி பாபாவின் பெயரைப் பெற்றது. அணு உலைக்கு வேண்டிய யுரேனியத்தில் போரான், காட்மியம் போன்றவை 10 லட்சத்தில் ஒரு பங்கு கலந்திருந்தாலும் அவை நியூட்ரான்களை விழுங்கிவிடும். ஆகவே நுண்ணளவுப் பகுப்பாய்வு அங்கே தொடக்கத்திலிருந்தே தவிர்க்க முடியாத கலையாயிற்று. அந்த மையத்தைச் சேர்ந்த பகுப்பாய்வுக்கூடம் ஒன்று ஹைதராபாத்தில் இயங்குகிறது. மைசெல்களைக் கொண்டு உலோகங்களைத் திரட்டும் முறைகளைப் பற்றி அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் ஆய்வுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள்.

அதே கூடத்து விஞ்ஞானிகள் நம் தமிழ்நாட்டு ஏரி ஒன்றையும் ஆராய்ந்தார்கள். கொடைக்கானலில் பாதரச வெப்பமானி செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. 2001-இல் அது மூடப்பட்டது. கொடைக்கானல் ஏரியின் நீரையும், பேரிஜம், குக்கல் ஏரிகளின் நீரையும் அவர்கள் சோதித்தார்கள். 2006-இல் வெளியான முடிவின்படி, கொடைக்கானல் ஏரியில் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் வரை பாதரசம் இருந்தது. மற்ற இரு ஏரிகளிலும் அது மிகவும் குறைவு. தொழிற்சாலையால் ஏரி மாசுபட்டது என்பதே அவர்கள் கண்ட முடிவு.

இது நுரைப்பொருள் முறையால் கிடைத்த கணக்கு என்று நான் கூற வரவில்லை. நுண்ணிய அளவீடு எதற்கு வேண்டும் என்பதற்கே இதை எடுத்துக்காட்டுகிறேன். குடிநீரில் பாதரசத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் வகுத்துள்ள எல்லை லிட்டருக்கு 1000 நானோகிராம். அந்த எல்லை வரையில் மட்டுமே பார்க்கவல்ல கருவியிடம் இந்த நீரைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மூன்று ஏரிகளுக்கும் 'கண்டறியப்படவில்லை' என்ற ஒரே விடை வந்திருக்கும். என்னைப் போன்ற மொழிபெயர்ப்பாளன் ஒருவன் அதை 'இல்லை' என்று எழுதியிருப்பான். மாசுற்ற ஏரியும் தூய ஏரியும் காகிதத்தில் ஒன்றாகியிருக்கும். பாதரசமோ நீரிலிருந்து மீனுக்குள் சென்று, அங்கே மேலும் மேலும் சேர்ந்து, உண்பவரை அடையும் தன்மை உடையது. ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் வெளிப்பட்ட பெருந்துயரம் அதற்குச் சாட்சி.

எல்லைகளும் என்றென்றும் நிலையானவை அல்ல. குடிநீரில் ஈயத்துக்கு 1991-ஆம் ஆண்டின் இந்தியத் தரம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் வரை இடம் தந்தது; 2012-ஆம் ஆண்டின் திருத்தம் அதை 0.01 ஆகக் குறைத்தது. முன்பு நல்ல நீர் எனப்பட்டது இன்று நல்ல நீர் அன்று. பழைய எல்லைக்கு ஏற்ற கருவியை வைத்துக்கொண்டு புதிய எல்லைக்குச் சான்று வழங்குவது நேர்மையாகாது.

இனி, இந்த முறையின் குறைகளையும் மறைக்கலாகாது. திரட்டும் கை நல்லதை மட்டும் திரட்டுவதில்லை. கண்ணாடிக் குடுவையில் ஒட்டியிருந்த அழுக்கும், சேர்த்த மருந்துகளில் இருந்த மாசும் உடன் சேர்ந்து திரளும். அதனால்தான் தூய நீரை மட்டும் வைத்து அதே செய்முறையைத் தனியே நடத்தி, அதில் வரும் அளவைக் கழித்துக்கொள்கிறார்கள். இந்த ஒழுங்கு தவறினால், இல்லாத நஞ்சையும் இருப்பதாகக் காட்டிவிட நேரும்.

மற்றொன்றும் உண்டு. டிரைட்டான் இனப் பொருள்கள் சிதையும்போது உண்டாகும் ஆக்டைல்பீனால், நீர்வாழ் உயிர்களின் ஹார்மோன் ஒழுங்கைக் குலைப்பது தெரியவந்தது. எனவே 2021 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் தனி அனுமதி இன்றி அவற்றைப் பொதுவாகப் பயன்படுத்த முடியாது. மாசைத் தேட வந்த பொருளே மாசாகிய இந்த நிலையில், தீங்கற்ற மாற்றுப் பொருள்களை நாடி ஆராய்ச்சி தொடர்கிறது.

நேயர்களே, தாராவியை ஒட்டி மித்தி ஆறு மாஹிம் கழிமுகத்தை நோக்கி ஓடுகிறது. செம்பூரைச் சூழ்ந்து ஆலைகள் நிற்கின்றன. பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்கு, குடிக்கும் நீரின் மூலத்தை அறிய வழியில்லை. ஊரில் கிணற்று நீரின் சுவையைக் கொண்டே அதன் குணம் சொன்ன பாட்டிமார் இங்கே நமக்குத் துணையில்லை. அவர்களாலும் ஈயத்தைச் சுவைத்து அறிந்திருக்க முடியாது. இங்கே நமக்குத் துணை, காகிதத்தில் வரும் அறிக்கை ஒன்றே. அந்த அறிக்கை நம் கைக்கு வரும்போது நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: 'கண்டறியப்படவில்லை என்கிறீர்களே, எந்த அளவுக்குக் கீழே உங்களால் காண இயலாது?' அந்த எண்ணைத் தராத அறிக்கை பாதி அறிக்கையே. இதைக் கேட்க இரசாயனம் படித்திருக்க வேண்டியதில்லை.

அன்று சிவப்பு மையால் என்னைத் திருத்தியவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவருக்குப் பிறகு எத்தனையோ அட்டவணைகளை நான் தமிழாக்கிவிட்டேன். 'இல்லை' என்ற சொல்லை அவற்றில் ஒருமுறையும் எழுதவில்லை. 'கண்டறியப்படவில்லை' என்று எழுதி, அருகில் கருவியின் எல்லையைக் குறிக்கும் எண் இருக்கிறதா என்று பார்க்கிறேன். அது இல்லாவிட்டால் கோப்பைத் திருப்பி அனுப்பிக் கேட்கிறேன். மொழிபெயர்ப்பாளன் ஒருவன் குடிநீருக்குச் செய்யக்கூடிய காவல் அவ்வளவுதான்.